மாமா வைத்தியம்

என் மனைவியின் கீழுதட்டில் இடது ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. ஓர் அரிசி நீளம் இருக்கும். அது நான் போட்டது. அந்தக் கோட்டைத் தவிர அவள் உதடு இப்போது நன்றாக இருக்கிறது. நான்கு வருடம் இருந்த வீக்கமும் வெடிப்பும் தோல் உரிதலும் போய்விட்டன. அந்த நோய் எப்படி வந்தது, எப்படிப் போனது, நடுவில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதுகிறேன்.

நான் செராமிக் டிப்ளமோ படித்தவன். விருத்தாசலத்தில் பியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிற ஒரு தொழிற்கூடத்தில் கடைசி வரை தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். சூளையிலிருந்து இறங்கும் பீங்கானை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மரச் சுத்தியால் தட்டுவேன். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே விரிசல். விரிசல் கண்டதை அந்த இடத்திலேயே இரும்புச் சுத்தியால் உடைத்துவிட வேண்டும். ஓரமாக வைத்தால் யாராவது நல்ல சரக்கோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். என்றைக்கோ ஒருநாள் மின்கம்பத்தில் ஏறுகிறவன் செத்துப்போவான். அதனால் உடைப்பதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. ஒரே அடி. இரண்டாவது அடி அடிக்கிறவனைப் பார்த்துச் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் பையிலிருந்து வெள்ளைச் சில்லு உதிரும்.

என் மனைவி வீட்டிலிருந்தபடியே பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். பொம்மை செய்யும் கூடத்திலிருந்து ஒருமுறை சுட்ட வெள்ளைப் பொம்மைகள் தட்டுத் தட்டாக வரும். கண், புருவம், நெற்றிப்பொட்டு எழுதித் திருப்பி அனுப்பினால் அங்கே பளபளப்புப் பூசி மறுபடி சுடுவார்கள். ஜங்ஷனுக்குப் பின்னால் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுப் பெண்களுக்கு அதுதான் வேலை. பிரஷ் முனை ஊசிபோல இருந்தால்தான் கண் வரும். அதற்காக ஒவ்வொரு கண்ணுக்கு முன்னாலும் பிரஷ்ஷை இரண்டு உதட்டுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுப்பார்கள். பேசிக்கொண்டே, ரேடியோ கேட்டுக்கொண்டே இழுப்பார்கள். யாரும் அதை ஒரு செயலாகவே நினைப்பதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு அவள் ஒரு குறை சொன்னாள்.

"கூடத்துல குடுக்கற கறுப்பு சூளைக்குப் போயி வந்தா செம்பட்டையாயிடுதுங்க. சாமி பொம்மைக்குப் பூனைக்கண்ணு வந்தா யாரு வாங்குவாங்க?"

நான் படித்தவன் அல்லவா. சூட்டில் நிறம் மாறாத கறுப்பு வேண்டுமானால் அதில் கோபால்ட் சேர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்கூடத்தில் கேட்டு அப்படிப்பட்ட கறுப்புப் பொடி ஒரு பெரிய பொட்டலம் வாங்கி வந்தேன். என்னென்ன சேர்ந்தது என்று என் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டினேன். பொம்மைகளின் கண் அதற்குப் பிறகு கருகருவென்று வந்தது. தெருவில் மற்றப் பெண்கள் கேட்டபோது அவள் கொடுக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு எனக்குன்னு வாங்கியாந்தது" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் உதட்டில் முதல் வெடிப்பு வந்தது அந்த வருடக் கார்த்திகையில். பனி என்று நினைத்தோம். தேங்காய் எண்ணெய் தடவினாள், வெண்ணெய் தடவினாள். பனி போய் வெயில் வந்தும் ஆறவில்லை. உதடு தடித்துச் சிவந்து, ஓரமெல்லாம் செதில் செதிலாக உரிந்தது. காலையில் வாயைத் திறந்தால் ரத்தம் கசியும். காரம் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். மோர்ச் சோறும் இட்லியும்தான் சாப்பாடு என்றாயிற்று. கல்யாண வீடுகளில் முந்தானையால் வாயை மறைத்தபடி நிற்பாள். மருந்துக்கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். பூசினால் ஒரு வாரம் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும். அந்த டியூப்பையே ஒரு வருடம் பூசினாள். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு நாட்டு வைத்தியரிடம் போய் ஒரு எண்ணெய் வாங்கினோம். அதுவும் கேட்கவில்லை.

கடைசியில் ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நாக்கால நனைக்காதீங்கம்மா. எச்சி பட்டுப் பட்டுக் காயறதுனாலதான் இப்படி ஆவுது. நக்கறத நிறுத்துனாலே பாதி சரியாயிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எரிகிற உதட்டை நாக்கு தேடிப் போகும். நனைத்தால் மேலும் எரியும். ஆனால் நான் அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். திரும்பும் ஆட்டோவில் அவள் சொன்னாள்: "தன்னால போவுதுங்க. எரியறப்ப நாக்கு கேக்க மாட்டேங்குது."

"கேக்க வைக்கறேன்" என்றேன்.

அதற்கு முன்பு நான் அவளை அடித்ததே இல்லையா என்றால், அடித்திருக்கிறேன். கல்யாணமான புதிதில், பிறகு எப்போதாவது. அது கோபம். அடித்த பிறகு எனக்கே ஒரு மாதிரியாக இருக்கும், இரண்டு நாள் முகம் பார்க்க மாட்டேன். இது அப்படி இல்லை. உதட்டுக்காக அடித்தபோது எனக்குக் கோபமே இல்லை. சரியான ஒன்றைச் செய்கிறேன் என்று நம்பி அடித்தேன். அதனால்தான் அது நிற்காமல் நடந்தது.

முதலில் விரலால் சுண்டினேன். நாக்கு வெளியே வந்ததும் உதட்டின் மேல் ஒரு சுண்டு. வெடித்த உதட்டில் சுண்டினால் எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. ஓய்வு பெற்ற மனிதன், நாளெல்லாம் எனக்கு வேறு வேலை கிடையாது. டிவி ஓடிக்கொண்டிருக்கும், என் கண் அவள் வாயில் இருக்கும்.

"பல்லி பூச்சியப் பாக்கறாப்ல பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, செத்த நேரம் வெளியிலதான் போயிட்டு வாங்களேன்" என்பாள். அந்தக் காலத்திலும் அவளுக்கு இப்படிப் பேச வந்தது.

சுண்டுவது அறையாக மாற அதிக நாள் ஆகவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறைந்திருக்கிறேன், வாயிலிருந்த சோறு தட்டில் தெறித்தது. தூங்கி எழுந்தவள், எழுந்த நினைவே இல்லாமல் உதட்டை நனைத்தபோது அறைந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் கருவேப்பிலை கேட்டு வந்தவர் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டார்.

"என்னாங்க இது, பேரப்புள்ள எடுத்த வயசுல?"

"வைத்தியம்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

இரண்டாவது வருடம் ஆடி மாதம். காலை வெயில் முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் தட்டு நிறைய வெள்ளைப் பொம்மைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழுதடு வெடித்து ஒரு பொம்மையின் கன்னத்தில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. அதை விரலால் துடைத்துவிட்டு, பிரஷ்ஷை உதட்டில் வைத்து இழுத்தாள். பிறகு நாக்கு வந்தது. நான் பிரஷ்ஷைப் பார்க்கவில்லை. நாக்கைத்தான் பார்த்தேன்.

"ஏய்" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. "எரியறது எனக்கு" என்றாள். "ஒங்களுக்கு என்னா?"

கையில் இருந்ததை வீசினேன். டம்ளர் என்றுதான் இத்தனை நாள் என் நினைவில் இருந்தது. அவள் சொம்பு என்கிறாள், பாதித் தண்ணீரோடு இருந்தது என்கிறாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். அது வாயில் பட்டு, பல் உள்ளிருந்து உதட்டைக் கிழித்தது.  குனிந்தபடியே இருந்தாள். பொம்மைகளின் மேல் ரத்தமும் தண்ணீரும் சேர்ந்து ஓடின. வெள்ளைப் பொம்மை ஈரத்தை உறிஞ்சும், துடைத்தாலும் போகாது. அந்தத் தட்டு முழுக்க வீணானது. அதைப் பற்றியும் நான் அன்றைக்கு ஏதோ சொன்னேன்.

அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டார். "குழாயடியில வழுக்கி வுழுந்துட்டேங்க" என்றாள், பாதி வாயால். நர்ஸ் என்னைப் பார்த்தார். "குழாயடியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். தையல் போட்ட பிறகு, உதட்டில் பழைய புண் ஒன்று இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று நான் விசாரித்தேன். உடைத்தவன் கேட்கிற கேள்வியா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை நாசமாக்கியது. உதடு ஆறியது. தையல் மட்டுமல்ல, பழைய வீக்கம், செதில், சிவப்பு எல்லாம் மூன்று வாரத்தில் வடிந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் பார்க்காத அவளுடைய பழைய உதட்டைப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை: பயத்தில் நாக்கு அடங்கிவிட்டது, அதனால் ஆறியது. கிழிந்த உதட்டை வைத்துக்கொண்டு அவள் மூன்று வாரம் பிரஷ்ஷையே தொடவில்லை என்பது என் கண்ணெதிரே இருந்தது. அது எனக்குக் கணக்கிலேயே வரவில்லை.

ஆவணியில் நல்லூரில் என் மச்சான் வீட்டில் அவர் பேத்திக்குக் காதுகுத்து. மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர், வாய்நிறையப் பேசுகிறவர். பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். என் மனைவி சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு ஒதடு பளபளன்னு ஆயிடுச்சே. எந்த டாக்டரு மாமா?"

நான் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். "இந்த டாக்டருதான். ஒரே ஊசி."

பந்தியில் சிரிப்பு எழுந்தது. "அப்பிடிப் போடுங்க" என்றார் மச்சான். "அப்ப இது மாமா வைத்தியம். எல்லாரும் கேட்டுக்கங்கப்பா."

என் மனைவி என் இலையில் சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். சமையற்கட்டு வாசலில் மச்சானின் மனைவி நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கொலுப் பொம்மை வேலை குவிந்தது. அவள் மறுபடி கண் எழுத உட்கார்ந்தாள். பத்து நாளில் உதடு தடித்தது. புரட்டாசி பிறக்கும்போது முன்னைவிட மோசம். பயம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். வைத்தியத்தைத் தொடர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் அந்தச் சொம்புக்குப் பிறகு அவள் முகத்தைக் கொடுக்கவில்லை. நான் எழுந்தாலே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். எனக்கு மிஞ்சியது முதுகு. துணி காயப்போடும் நைலான் கொடிக்கயிற்றை இரண்டாக மடித்து வைத்துக்கொண்டேன். அது ஆணியிலேயே தொங்கும். சீறிக்கொண்டு போய் விழும். விழுந்த இடத்தில் முதலில் வெள்ளையாக ஒரு கோடு, பிறகு சிவப்பு, மறுநாள் நீலம். ரவிக்கையின் கழுத்தை ஏற்றித் தைத்துக்கொண்டாள். இப்படி இரண்டு வருடம். பொம்மை வேலை அதிகமாக இருந்த மாதங்களில் அவள் அதிகம் அடிபட்டாள். நான் வருடக்கணக்காக ஒவ்வொரு சூளையின் சரக்கையும் எந்த நாள் எந்த மண் என்று குறித்துவைத்துக் காரணம் தேடியவன். என் வீட்டில் அந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் மகள் புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவுக்கு வந்தவள் அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும் என்றாள். நானும் கிளம்பினேன். என் மனைவி சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று டாக்டரிடம் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா, அதற்காக.

காலைப் பஸ்ஸில் போனோம். டாக்டர் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். உதட்டைப் பார்த்துவிட்டு, "காலைல எழுந்ததுலேருந்து இந்த ஒதட்டுல என்னென்ன படுது, ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா" என்றார்.

"நாக்கால நக்கிக்கிட்டே இருப்பாங்க டாக்டர்" என்றேன். "எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்ல."

"நான் அவங்களக் கேட்டேன் சார்."

அவள் பற்பசை, டீ, சோறு, மருந்துக்கடை டியூப் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். டாக்டர் அவள் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தார். "இது என்னம்மா கறுப்பு?"

"பொம்மைக்குக் கண்ணு எழுதுவேங்க."

"எப்படி எழுதுவீங்க? காட்டுங்க பாக்கலாம்." தன் மேசையிலிருந்த பேனாவைக் கொடுத்தார்.

அவள் பேனாவை வாங்கினாள். எழுதுவதற்கு முன்னால், தன்னையறியாமல், அதன் முனையை உதட்டுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுத்தாள். பிறகுதான் காகிதத்தில் ஒரு கண் போட்டாள்.

டாக்டர் அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். நாற்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதும் எனக்குள் முழுதாக இறங்கவில்லை.

எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு என்றார் டாக்டர். சின்னச் சின்னக் கட்டங்களாக மருந்துப் பட்டையை முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் குளிக்காமல் இருந்து எடுத்துப் பார்த்தால், ஒத்துக்கொள்ளாத கட்டம் சிவந்து தடித்திருக்கும். "திரைக்கு அந்தப் பக்கம் வாங்கம்மா, முதுகக் காட்டுங்க" என்று கூட்டிப்போனார்.

அங்கே பேச்சு நின்றது. பிறகு என் மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.   வெளியே வந்தபோது அவள் என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் போய் நின்றாள்.

டாக்டர் எதிரே உட்கார்ந்தார். "இந்த முதுகுல பட்டை ஒட்ட முடியாது சார். எல்லாம் ஆறணும். மூணு வாரம் கழிச்சு வரட்டும். அதுக்குள்ள புதுசா ஒரு கோடுகூட வரக் கூடாது. வந்தா டெஸ்ட் எடுக்க முடியாது, அவங்களுக்கு என்ன ஒத்துக்கலன்னும் தெரியாது." பிறகு கேட்டார்: "நீங்க என்ன வேல பாத்தீங்க?"

"செராமிக்ல. தரம் பாக்கறது."

"அப்ப அந்தக் கறுப்புல என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

 டாக்டர் என் மனைவி பக்கம் திரும்பி, முதுகில் இருப்பதைக் கேஸாக எழுதட்டுமா என்று கேட்டார். அவள் முந்தானையைச் சரிசெய்தாள். "இப்ப வாணாங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வேண்டாம் என்றாள். 

"அம்மா என்கூட இருக்கட்டும்" என்றாள் மகள். "நீங்க பஸ்ஸு ஏறுங்கப்பா."

வீட்டுக்குத் தனியாக வந்தேன். அன்று சாயங்காலமே, கண் எழுதி முடித்துக் கூடையில் அடுக்கியிருந்த பொம்மைகளை முற்றத்தில் கொட்டினேன். இரும்புச் சுத்தியை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே அடி. முருகன், செட்டியார், செட்டியார் மனைவி, பசு, எல்லாவற்றையும். அவளையும் டாக்டரையும் மகளையும் திட்டிக்கொண்டே உடைத்தேன். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முடிந்தபோது கருகருவென்ற கண்கள் மட்டும் துண்டு துண்டாக முற்றம் முழுக்கக் கிடந்தன. சூட்டில் நிறம் மாறாத நல்ல கறுப்பு. இரண்டு நாள் கூட்டினேன். காலைச் சில்லு கிழித்தது.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனை நடந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. மகள் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வரிசையாகப் பொருள்களின் பெயர்கள், எதிரே ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று வந்தது. கோபால்ட் என்ற இடத்தில் இரண்டு கூட்டல் குறி.

அலமாரியைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். கால்வாசிதான் மீதி இருந்தது. மற்றது பொம்மைகளின் கண்ணுக்கும் என் மனைவியின் உதட்டுக்கும் போயிருந்தது. மேலே என் கையெழுத்தில் கோபால்ட் என்று இருந்தது. தொழிற்கூடத்தில், கலவை தொட்ட கையைக் கழுவாமல் பீடி பற்ற வைத்த ஒரு கூலியாளை நான் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். உடைப்பதற்குச் சுத்தி பக்கத்தில்தான் இருந்தது. உடைக்க ஒன்றும் இல்லை.

புதுச்சேரியில் டாக்டர் செய்த வைத்தியம் மிகச் சாதாரணமானது. பிரஷ் வாயைத் தொடவே கூடாது. மருந்துக்கடை டியூப்பை நிறுத்த வேண்டும்; அது தோலை மெலிய வைத்திருந்தது. அதற்குப் பதில் வேறொரு களிம்பு கொஞ்ச நாள், பிறகு வெறும் வாஸ்லின், நாக்கு போகும் முன்பே அடிக்கடி. ஒன்றரை மாதத்தில் உதடு பழையபடி ஆகிவிட்டது. ஒரு அடிகூடத் தேவைப்படவில்லை.

நான் போன் செய்து, எப்போது வருகிறாய் என்று கேட்டேன்.

"எங்க தம்பி வூட்ல பந்தியில வச்சி, கை வச்சி சரி பண்ணேன்னு சொன்னீங்க இல்ல?" என்றாள். "அந்த வூட்டுக்கே போங்க. எல்லாரும் இருக்கையில, அது இல்லன்னு ஒங்க வாயால சொல்லுங்க."

"சொன்னா வந்துடுவியா?"

"மொதல்ல சொல்லுங்க."

நல்லூருக்குப் பஸ் ஏறினேன். மச்சான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மகனும் மருமகளும் வீட்டில் இருந்தார்கள். மச்சானின் மனைவி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரு" என்றார் மச்சான். "என்னா, இங்க யாருக்காவது ஊசி போடணுமா?"

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். "அன்னிக்குப் பந்தியில நான் சொன்னது பொய்யி மச்சான்" என்றேன். "அடிச்சதால ஒதடு ஆறல. கிழிஞ்ச வாயில பிரஷ்ஷு வைக்க முடியாததால ஆறிச்சி. அந்தக் கண்ணு எழுதற கறுப்புதான் வியாதி. அத வாங்கியாந்து குடுத்தது நான். வியாதியும் நான் குடுத்து, அடியும் நான் குடுத்திருக்கேன். நாலு வருசம்."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்தார். "அட வுடுங்க மாமா. இதுக்குப் போயி வெயில்ல பஸ்ஸு ஏறி வருவாங்களா? ஆயிரம் நடக்கும் வூடுன்னா."

"அண்ணே" என்றார் அவர் மனைவி. அவரைக்காயைக் கீழே வைத்தார். விரலால் தன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் இல்லை. "இது மாமா வைத்தியம். போன மாட்டுப் பொங்கலன்னிக்கி."

நான் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கை தவறிப் பட்டுது" என்றார் மச்சான், தரையைப் பார்த்து.

"எங்க தவறுச்சி? மாமா வைத்தியம் பண்ணட்டுமான்னு கேட்டுட்டுதான பண்ணுன. அந்தப் பந்திலேருந்து இந்த வூட்ல அதான பேச்சு. கொழம்புல உப்பு கூடுனா மாமா வைத்தியம், எதுத்துப் பேசுனா மாமா வைத்தியம்." பிறகு என்னைப் பார்த்து, குரல் உயராமல் சொன்னார்: "நீங்க ரெண்டு வருசம் முன்னாடி வந்து இதச் சொல்லியிருந்தா எம்பல்லு இருந்திருக்கும்ண்ணே."

மருமகள் கதவோரம் நின்று தன் புருஷனைப் பார்த்தாள். அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"சாப்புட்டுட்டுப் போங்க" என்றார் மச்சானின் மனைவி. மறுப்பதற்கும் எனக்கு யோக்கியதை இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். அவரேதான் பரிமாறினார்.

பஸ் ஸ்டாப்பில் நின்று என் மனைவிக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன் என்றேன். மச்சான் மனைவியின் பல்லைப் பற்றியும் சொன்னேன். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். "அதுக்குத்தான் ஒங்கள அனுப்புனேன்."

அவள் வரவில்லை. இன்றுவரை மகள் வீட்டில்தான் இருக்கிறாள். தெருவில் கேட்கிறவர்களிடம் வைத்தியம் இன்னும் முடியவில்லை என்று சொல்லாமல், அடித்தேன், போய்விட்டாள் என்றே சொல்கிறேன். அவளுடைய பிரஷ்களை ஒருமுறை கேட்டனுப்பினாள், கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரப் பஞ்சில் தொட்டு முனை கூட்டப் பழகிக்கொண்டிருக்கிறாள். முதலில் கண் கோணலாக வந்ததாம். இப்போது வருகிறது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போகிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற அளவுக்குத்தான் அனுமதி. போன ஞாயிறு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் கைகழுவ எழுந்து போனாள். என் மனைவி நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வாயில் வைத்துச் சப்பினாள். நான்கு வருடம் அவள் தொடாத ஊறுகாய். நாக்கு வெளியே வந்து கீழுதட்டை, அந்த வெள்ளைக் கோட்டின் மேலாகத் துடைத்துப் போனது. அவள் கை வாயைப் பொத்துவதற்காகப் பாதி தூரம் எழுந்துவிட்டது.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவள் கையைக் கீழே இறக்கித் தொடைமேல் வைத்தாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, இன்னொரு முறை உதட்டை நனைத்தாள்.